பெயரையே கூலியாகக் கேட்டவர்

நம் வீடுகளில் பாட்டி காலத்துக் குடமோ தூக்கோ இருந்தால் அதைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். கழுத்திலோ அடிப்புறத்திலோ சிறு சிறு புள்ளிகளாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். சீராக வந்த பாத்திரமென்றால் கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், திருமண நாள் எல்லாமே இருக்கும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பாத்திரம் வாங்குகிறவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுப் பெயர் வெட்டி வாங்கிச் செல்வது இன்றும் உள்ள வழக்கம். முன்பு உளியும் சிறு சுத்தியலும் கொண்டு தட்டினார்கள். பிறகு மின்சாரத்தில் ஓடும் ஊசி வந்தது. இப்போது லேசர் எந்திரமும் வந்துவிட்டது. கருவிகள் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பாத்திரத்தில் யார் யார் பெயரோ இருக்கும். அதை வெட்டியவரின் பெயர் மட்டும் இராது.

எழுத்தை அழகாக எழுதும் தொழிலும் எழுத்தைச் செதுக்கும் தொழிலும் இத்தகையவையே. பரிசளிப்பு விழாவில் நாம் பெறும் சான்றிதழ், வெற்றிக் கேடயம், ஆசிரியை ஓய்வு பெறும்போது அளிக்கும் வாழ்த்து மடல் ஆகிய எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய கை உழைத்திருக்கிறது. நம் பெயரில் ஓர் எழுத்துப் பிழையானாலும் நம் முகம் வாடிவிடுகிறது. சரியாக, அழகாக இருந்தால் அதை வரைந்தவரை நாம் நினைப்பதே இல்லை. இவ்வாறு பிறர் பெயரையே வாழ்நாளெல்லாம் எழுதி மறைந்தவர்கள் எத்தனையோ பேர்!

அவர்களுக்கெல்லாம் பிரதிநிதியைப் போல ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் எழுதியது ஒரு தனி மனிதருக்கான பரிசு அன்று. நம் நாட்டு மக்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பெரும் பரிசாகிய அரசியல் சட்டத்தைத்தான் அவர் தம் கையால் எழுதினார். அவர் பெயர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. குடிமையியல் பாடத்தில் அரசியல் சட்டத்தைப் படிக்கும் நாம், அதை எழுதிய கையைப் பற்றியும் அறிந்துகொள்வது நன்று.

பாட்டனார் வளர்த்த பேரன்

பிரேம் பிஹாரி 1901 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் பிறந்தார். அவருடைய குடும்பம் தில்லியில் எழுத்தழகுக் கலையில் பெயர் பெற்ற குடும்பம். ஆனால் இளமையிலேயே அவருக்குப் பெருந்துயரம் நேர்ந்தது. அவர் சிறுவனாயிருந்தபோதே தாயும் தந்தையும் இறந்துவிட்டனர். அவரை எடுத்து வளர்த்தவர் பாட்டனார் ராம் பிரசாத் சக்சேனா. சிற்றப்பா முறையினரும் துணையாக இருந்தனர்.

பாட்டனார் பாரசீக மொழியிலும் ஆங்கிலத்திலும் வல்லவர். ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பாரசீகம் கற்பித்தவர் என்றும் கூறுவர். அவர் தம் பேரனுக்கு விட்டுச் சென்ற செல்வம் பொன்னோ நிலமோ அன்று, அழகிய கையெழுத்துத்தான். சிறு வயதிலிருந்தே பேரனை அருகில் அமர்த்தி, எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் வளைவையும் பழக்கினார். பாரசீக எழுத்தைப் பழகிய குடும்பங்களில் கையெழுத்து என்பது வெறும் எழுதும் வேலையன்று; அது ஒரு கலை, ஒரு தவம். குரு எழுதிக் காட்டிய ஓர் எழுத்தை மாணவன் பல நாள் திரும்பத் திரும்ப எழுதுவான். இசை பயில்பவர் சரளி வரிசையைப் பாடிப் பாடிக் குரலைப் பண்படுத்துவது போல, எழுதிப் எழுதிக் கையைப் பண்படுத்துவார்கள்.

பிரேம் பிஹாரி தில்லி புனித ஸ்தேவான் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். செயின்ட் ஸ்டீபன்ஸ் என்று இன்று எல்லாரும் அறிந்த அக்கல்லூரி, கிறிஸ்தவ மிஷனரிகளால் 1881 இல் தொடங்கப்பட்டது. பட்டம் பெற்ற பின்னும் அவர் பாட்டனார் கற்பித்த கலையைக் கைவிடவில்லை. பாரசீக மரபில் பயின்ற கை ஆங்கில எழுத்திலும் தேர்ந்தது. சற்றே வலப்புறம் சாய்ந்து, ஓடும் நீர்போலச் செல்லும் இடாலிக் வகை எழுத்தில் அவர் வல்லவரானார். நாளடைவில் அவர் புகழ் தில்லியில் பரவியது.

இடாலிக் எழுத்தின் கதை

இவ்விடத்தில் இடாலிக் எழுத்தைப் பற்றிச் சிறிது அறிவோம். பெயருக்கு ஏற்ப அது இத்தாலி நாட்டில் தோன்றியது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் திருத்தந்தையின் அலுவலகத்தில் மடல்களும் ஆணைகளும் ஏராளமாக எழுதப்பட்டன. அவற்றை விரைவாகவும் எழுத வேண்டும்; படிப்பவர் கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்க வேண்டும். இந்தத் தேவையே சாய்ந்த அழகிய எழுத்தை வளர்த்தது. அங்கே எழுத்தராயிருந்த லுதோவிகோ அர்ரிகி என்பவர் அவ்வெழுத்தைக் கற்பிக்க ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் 1522 என்று ஆண்டு குறித்திருக்கிறது. அச்சு எந்திரம் பரவத் தொடங்கிய காலத்தில், கையெழுத்தைக் கற்பிக்கும் நூலையே அச்சிட்டது வியப்பு அல்லவா?

அதற்கும் முன்னே பல நூற்றாண்டுகள் துறவு மடங்களில் துறவியர் திருவிவிலியத்தைக் கையாலேயே படியெடுத்தனர். குளிரிலும் மங்கிய வெளிச்சத்திலும் அமர்ந்து அவர்கள் எழுதிய ஏடுகளே மறைநூலை நமக்குக் காத்துத் தந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் எழுதுவதும் செதுக்குவதும் ஒன்றாகவே இருந்தன. பனையோலையில் எழுத்தாணியால் கீறுவதை எழுதுவது என்றும் சொல்லலாம், வெட்டுவது என்றும் சொல்லலாம். கீறிய பின் கரியைத் தடவினால்தான் எழுத்துத் தெரியும். பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையத்தில் அத்தகைய சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஏடு எழுதியவர் சில வேளைகளில் இறுதி ஓலையில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறிப்பது உண்டு. பழைய செப்பேடுகள் சிலவற்றின் முடிவிலும் எழுத்து வெட்டியவரின் பெயர் காணப்படுகிறது. ஆனால் எல்லாருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. பரங்கிமலை ஆலயத்தின் பீடத்தில் உள்ள கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீக நாட்டின் பழைய பகலவி எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. 1547 இல் அச்சிலுவை கண்டெடுக்கப்பட்டது. அதன் பொருளைப் பற்றி அறிஞர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அதைச் செதுக்கிய கை யாருடையது என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

இந்தப் பெரிய மரபின் வழியில் வந்தவரே பிரேம் பிஹாரி.

கூலி வேண்டாம், பெயர் வேண்டும்

1946 டிசம்பர் 9 ஆம் நாள் தில்லியில் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது. டாக்டர் அம்பேத்கர் வரைவுக் குழுவின் தலைவரானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து, விவாதித்து, திருத்தி, 1949 நவம்பர் 26 இல் சபை அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதில் அப்போது 22 பாகங்களும் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன. நாடுகளின் எழுதப்பட்ட அரசியல் சட்டங்களுள் இதுவே மிக நீண்டது என்பர்.

இத்தகைய நூலை அச்சிட்டு விடுவது எளிது. அச்சுப் பிரதியும் ஆயத்தமாகவே இருந்தது. ஆயினும் மூலப்பிரதி மனிதர் கையால் எழுதப்பட்டு, ஓவியங்களால் அணி செய்யப்பட வேண்டும் என்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு விரும்பினார். அடிமைத்தளை நீங்கிய ஒரு நாடு தன் முதல் நூலை எந்திரத்திடம் ஒப்படைக்காமல், தன் கலைஞர்களின் கையில் கொடுத்தது என்பதை நினைக்கும்போது நம் உள்ளம் பூரிக்கிறது.

ஆங்கிலப் பிரதியை எழுதும் பணிக்குப் பிரேம் பிஹாரி அழைக்கப்பட்டார். எவ்வளவு ஊதியம் வேண்டும் என்று நேரு அவரிடம் கேட்டார் என்றும், ஒரு காசும் வேண்டாம், கடவுள் அருளால் தமக்குத் தேவையானவை எல்லாம் இருக்கின்றன என்று அவர் மறுத்தார் என்றும் சொல்வார்கள். ஆனால் அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தம் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிப் பக்கத்தில் தம் பெயரோடு தம் பாட்டனாரின் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். இதுவே அவர் கேட்ட கூலி. அந்த வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

தம் பெயரை எழுதிக்கொள்ளக் கேட்டதைப் புகழாசை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. பெயரை இடுவது புகழுக்காக மட்டும் அன்று, பொறுப்பு ஏற்பதற்காகவும்தான். இதில் ஓர் எழுத்துத் தவறினாலும் அதற்கு நானே பொறுப்பு என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்புக்கொள்வது எளிதான காரியமா? மேலும், அவர் தம் பெயரோடு நிற்கவில்லை. பெற்றோரை இழந்த குழந்தையை மடியில் வைத்து வளர்த்து, கையைப் பிடித்து எழுதக் கற்பித்த முதியவரின் பெயரையும் நாட்டின் தலையாய நூலில் ஏற்றினார். நாடு அறியாத ஓர் ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய குரு காணிக்கை இது.

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேம் பிஹாரி கூலி வாங்கவில்லை என்பதால் கலைஞர்கள் எல்லாரும் கூலியின்றி உழைக்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவருக்கு வாழ வழி இருந்தது. மறுக்கும் உரிமையும் இருந்தது. கடைவாசலில் அமர்ந்து பெயர் வெட்டுகிறவருக்கு அன்றைய வருமானமே அன்றைய அடுப்பெரியக் காரணம். அழகாக எழுதத் தெரிந்தவரிடம், ஒரு சான்றிதழ்தானே, ஒரு வாழ்த்து மடல்தானே என்று இலவசமாக எழுதி வாங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. உழைப்பவருக்குரியதைப் பிடித்து வைக்கலாகாது என்று மறைநூல் நமக்குக் கற்பிக்கிறது. பிரேம் பிஹாரியின் வாழ்வில் நாம் போற்ற வேண்டியது பணத்தை மறுத்ததை விட, எழுதியவரின் பெயருக்கும் ஓர் இடம் உண்டு என்று நிலைநாட்டியதையே.

ஆறு மாதத் தவம்

அவர் எழுதுவதற்கு அரசியல் நிர்ணய சபைக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அங்கே அமர்ந்து அவர் ஆறு மாத காலம் எழுதினார். அந்தப் பணிக்கு 303 ஆம் எண்ணுள்ள நிப்புகளைப் பயன்படுத்தினார் என்றும், மொத்தம் 432 நிப்புகள் தேய்ந்தன என்றும் கூறப்படுகிறது. நூலின் பக்கங்கள் இருநூற்றுக்கும் மேல். கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிப்புகள் ஆகின்றன!

பால்பாயின்ட் பேனாவில் எழுதும் நமக்கு இந்தக் கணக்கு வியப்பாக இருக்கலாம். மையில் தோய்த்து எழுதும் நிப் வேறு வகையானது. அதை ஒரு கட்டையில் செருகி, மைக்கூட்டில் தோய்த்து, அதிகமான மையை விளிம்பில் வழித்துவிட்டு எழுத வேண்டும். சில சொற்கள் எழுதியதும் மறுபடியும் தோய்க்க வேண்டும். மை மிகுந்தால் சொட்டிவிடும். குறைந்தால் கோடு பாதியில் வறண்டுவிடும். மெல்லிய நுனியுள்ள நிப்பை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். நுனி சற்றே தேய்ந்தாலும் மெல்லிய கோடு மெலிந்து வராது. உடனே வேறு நிப் மாற்ற வேண்டும். மாற்றிய புது நிப்பும் பழைய நிப்பைப் போலவே எழுதும்படி கை பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பக்கத்து எழுத்தும் கடைசிப் பக்கத்து எழுத்தும் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். உடல் நலமான நாளும் உண்டு, சோர்ந்த நாளும் உண்டு. எழுத்தில் அந்த வேறுபாடு தெரியக் கூடாது. வரியின் முடிவில் ஒரு சொல்லுக்கு இடம் போதுமா என்று வரியின் தொடக்கத்திலேயே கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். சட்டத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பொருள் மாறிவிடும். ஆகவே அழகு மட்டும் போதாது; பிழையின்மையும் வேண்டும். நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது என்று சிணுங்கும் நமக்கு, இந்தத் தவத்தின் அருமை நன்றாகவே புரியும்.

அவர் எழுதிய பக்கங்களுக்கு நந்தலால் போஸும் சாந்திநிகேதன் கலைஞர்களும் ஓவியம் தீட்டினர். மொகஞ்சதாரோ முத்திரையிலிருந்து காந்தியடிகளின் தண்டி யாத்திரை வரை நாட்டின் வரலாறு முழுவதும் அவற்றில் காட்சி தருகிறது. நம் தமிழகத்தின் நடராசர் திருமேனியும் மாமல்லபுரத்துச் சிற்பக் காட்சியும் அவற்றுள் உள்ளன என்பது நமக்குப் பெருமை. இந்திப் பிரதியைத் தம் கையால் எழுதியவர் வசந்த் கிருஷ்ண வைத்யா என்னும் மற்றொரு எழுத்தழகுக் கலைஞர்.

கையொப்பமிட்ட நாள்

1950 ஜனவரி 24 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை கூடியது. அன்றுதான் டாக்டர் ராஜேந்திர பிரசாத் குடியரசின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டார். ஜன கண மன நாட்டுப் பண்ணாக ஏற்கப்பட்டது. உறுப்பினர்களின் முன் மூன்று பிரதிகள் வைக்கப்பட்டன. ஒன்று ஓவியங்களுடன் கூடிய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி. ஒன்று ஆங்கில அச்சுப் பிரதி. ஒன்று இந்திக் கையெழுத்துப் பிரதி. மூன்றிலும் உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். கையொப்பமிட்டோர் மொத்தம் 284 பேர்.

நம் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களும் அச்சபையில் சிறப்பாகப் பணியாற்றினர். மயிலாப்பூரில் வாழ்ந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வரைவுக் குழுவில் இருந்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் கோபாலசாமி ஐயங்காரும் அக்குழுவில் இருந்தனர். சபையின் பெண் உறுப்பினர்களுள் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகிய மூவர் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர்கள். துர்காபாய் மயிலாப்பூரில் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கிப் பெண்களின் கல்விக்கு உழைத்தவர். தாட்சாயணி, தீண்டாமைக் கொடுமையின் இடையிலிருந்து எழுந்து கல்வி கற்று அச்சபைக்குச் சென்றவர். தீண்டாமையை ஒழிக்கும் 17 ஆம் பிரிவு சட்டமானபோது அவர் உள்ளம் எப்படி மகிழ்ந்திருக்கும்!

லயோலா கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த இயேசு சபைத் துறவி அருள்தந்தை ஜெரோம் டிசூசாவும் அச்சபையின் உறுப்பினர். சிறுபான்மையினரின் உரிமை பற்றிய விவாதங்களில் அவர் பங்கு கொண்டார். சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்று 30 ஆம் பிரிவு உரிமை தருகிறது. கன்னியர் நடத்தும் பள்ளியில் இன்று நாம் அமர்ந்து படிப்பதற்கு அப்பிரிவு துணை நிற்கிறது. பெண் என்பதால் அரசு வேற்றுமை காட்டக் கூடாது என்று 15 ஆம் பிரிவு சொல்கிறது. இவற்றைச் சிந்தித்தவர்கள் பலர், வாதாடியவர்கள் பலர். அவர்கள் அனைவரின் சிந்தனையும் அன்று ஒருவருடைய பேனா முனையின் வழியாகவே கையெழுத்துப் பிரதியில் இறங்கியது. தாமாக ஒரு சொல்லையும் சேர்க்காமல், ஒரு சொல்லையும் விடாமல் எழுதிய அந்தப் பணிவு எளிதில் வருவதன்று.

இன்றும் வாழும் எழுத்து

கையெழுத்துப் பிரதியைத் தேராதூனில் உள்ள இந்திய நில அளவைத் துறையினர் ஒளிப்பட முறையில் கல்லச்சில் பதித்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் எடுத்தனர். நாட்டுப் படங்களை நுணுக்கமாக அச்சிடும் அவர்களிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டதால், பேனாவின் மெல்லிய கோடுகள்கூடச் சிதையாமல் பதிந்தன.

மூலப்பிரதிகள் தில்லியில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பில் உள்ளன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி மையை மங்கச் செய்யும். பூஞ்சையும் பூச்சியும் சேரும். ஆகவே தேசிய இயற்பியல் ஆய்வகம் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிகளை உருவாக்கியது. மந்த வாயு நிரப்பிய அப்பெட்டிகளில் 1990 களிலிருந்து அவை காக்கப்படுகின்றன.

அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 இல் நடைமுறைக்கு வந்த பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டுள்ளது. முகவுரையில்கூடச் சமதர்ம, மதச்சார்பற்ற என்னும் சொற்கள் 1976 இல் சேர்க்கப்பட்டன. பிரேம் பிஹாரி எழுதிய பக்கங்களில் அச்சொற்கள் இல்லை. சட்டம் காலத்தோடு வளர்கிறது. அந்தக் கையெழுத்தோ அது பிறந்த நாளின் முகத்தை மாறாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை வளர்ந்து பெரியவளான பின்னும், முதல் புகைப்படத்தைத் தாய் பத்திரமாக வைத்திருப்பது போல என்று இதைச் சொல்லலாம்.

பிரேம் பிஹாரி 1966 பிப்ரவரி 17 ஆம் நாள் காலமானார். அரசியல் சட்டத்தை வகுத்தவர்களுக்கு நம் நகரத்தில் சிலைகள் உண்டு, சாலைகள் உண்டு. அதை எழுதியவருக்கு அவர் எழுதிய பக்கங்களே நினைவுச் சின்னம். அண்மைக் காலமாகக் குடியரசு நாள் வரும்போதெல்லாம் செய்தித்தாள்கள் அவரை நினைவு கூர்வது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

நாம் கற்பது என்ன?

இன்று கணினியில் நூற்றுக்கணக்கான எழுத்து வகைகள் உள்ளன. விசையைத் தட்டினால் எழுத்து அழகாக வந்துவிடுகிறது. இனிக் கையெழுத்து எதற்கு என்று நம் தோழியர் சிலர் கேட்கின்றனர். கணினியின் எழுத்து எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும். கையெழுத்தில் எழுதியவரின் பொறுமையும், படிப்பவர் மீது அவர் வைத்த மதிப்பும் தெரியும். தெளிவாக எழுதுவது படிப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. விருந்தினருக்குச் சுத்தமான இலையில் சோறிடுவது போன்றது அது.

இந்த ஆண்டு நாம் பொதுத் தேர்வு எழுதப் போகிறோம். விடைத்தாளின் உள்ளே எங்கும் நம் பெயரை எழுதக் கூடாது என்பது விதி. நம்மை அறியாத ஒருவர், எங்கோ ஓர் ஊரில் அமர்ந்து, பெயரில்லாத அந்த எழுத்தை மட்டுமே காண்பார். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் எழுதும் உரிமையைப் பெற்ற பிரேம் பிஹாரி, பெயர் இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று நாம் நம்புகிறோம். ஏனெனில் பெயரை இட அவர் உரிமை கேட்டது எழுதத் தொடங்கும் முன்பு. அவருடைய எழுத்து அழகானதோ அதற்கும் நெடுங்காலம் முன்பு, யாரும் பார்க்காத ஒரு வீட்டில், பாட்டனாரின் அருகே. நமக்கு எழுதக் கற்பித்த கைகளை நாமும் நன்றியோடு நினைப்போம். எழுதும் ஒவ்வொரு வரியையும், கீழே நம் பெயரை இடத் தகுந்ததாக எழுதுவோம்.